ஐந்து பேருக்குச் சமையல்

ஒரம்பரை வந்தால் அக்கா அரிசிம்பருப்புதான் செய்வாள். ஒரே பாத்திரம், அரைமணி நேர வேலை. தலையில் கட்டி என்று ஆபரேஷன் முடிந்த மறுவருடம், பெரியம்மா வீட்டார் உடுமலைக்கு வந்திருந்தார்கள். "நானே செய்யறேன்" என்று உள்ளே போனவள் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சின்ன வெங்காயம் ஒரு கூடை உரித்துக் கிடந்தது. அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அரிசியும் பருப்பும் டப்பாவை விட்டு இறங்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "அடுத்து என்னத்தடா போடோணும் தம்பி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கையும் காலும் நன்றாக இருக்கின்றன, பேச்சு தெளிவாக இருக்கிறது, இது என்ன அசட்டை என்று.

பல வருடம் கழித்துத்தான் வைல்டர் பென்ஃபீல்டு எழுதியதைப் படித்தேன். மூளை அறுவையில் பெரிய பெயர். 1928-இல் கனடாவின் மாண்ட்ரியலில் அவர் தன் சொந்த அக்கா ரூத்தின் மூளைக் கட்டியை எடுத்தார். அதுவும் என் அக்காவுக்கு வந்த ரகம்தான்: மெதுவாக வளரும், வருடக்கணக்கில் வலிப்பு மட்டும் காட்டும். கட்டியோடு மூளையின் வலது முன்மடலில் பெரும்பகுதியும் போனது. ஓராண்டுக்குமேல் கழித்து, ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நால்வருக்கும் ரூத் சமைக்க நினைத்தாள். பொருளெல்லாம் இருந்தது, ஒன்றிரண்டு அடுப்பிலும் ஏறியிருந்தது. ஆனால் இறைச்சியைத் தொடவே இல்லை. கலங்கிப்போய் நின்றாள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு வந்ததும் சாப்பாடு தயாராகிவிட்டது. 1931-இல் ரூத் இறந்தாள். 1935-இல் தம்பி இதை மருத்துவ இதழில் எழுதினார். அக்காவைக் கேஸாக்கிவிட்டாரே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகாத இறைச்சியை அவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பவன் தம்பியாகத்தான் இருப்பான்.

 

என் அக்காவுக்கும் அப்படித்தான்: பாசம் போகவில்லை, கைப்பக்குவம் போகவில்லை. எதற்குப் பின் எது என்ற வரிசைதான் கழன்றுவிட்டது. இது தெரியாமல் அக்காவை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! தெரிந்த பின்பு, அடுப்பருகே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடுகு என்றால் கடுகு. சீரகம் என்றால் சீரகம். அப்படியே ஒன்பது வருடம் சமைத்தோம்.

கடைசி மாரியம்மன் தேருக்கும் ஒரம்பரை வந்தது. மிளகு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளே அள்ளிப் போட்டாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், திருட்டுப் பூனை மாதிரி.