எதை வைத்துத் தேர்வது?

ஜோஹான் செபாஸ்டியன் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு தொகுப்புகளைக் கேட்க நினைப்பவர் முதலில் திகைத்து நிற்பது, யாருடைய வாசிப்பைக் கேட்பது என்பதில்தான். பாப்லோ கஸால்ஸ் 1936 முதல் 1939 வரை லண்டனிலும் பாரிஸிலும் செய்த பதிவில் தொடங்கி, பியேர் ஃபூர்னியே, யானோஸ் ஸ்டார்கர், அன்னர் பில்ஸ்மா, ரோஸ்ட்ரோபோவிச், யோ யோ மா என்று வரிசை நீள்கிறது. எல்லாம் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அதனால் முதல் தொகுப்பின் தொடக்கத்தைப் பத்துப் பேர் வாசிப்பில் அரை அரை நிமிடம் கேட்டுவிட்டு, மொத்தமுள்ள 36 பகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே நின்றுவிடுகிறோம். சிறந்தது எது என்று தெரிந்த பிறகு கேட்கலாம் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். என் வாதம் இதற்கு நேர்மாறானது. இந்த இசையில் தேர்வுதான் முதலில் வரும்; அதற்கான நியாயம் கேட்கக் கேட்கத்தான் பிடிபடும்.

இப்படிச் சொல்ல இசையின் வரலாறே இடம் தருகிறது. கோத்தன் அரசவையில் இருந்தபோது, 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாக் இவற்றை இயற்றியதாகக் கருதப்படுகிறது. அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவருடைய மனைவி அன்னா மக்டலேனா எடுத்த நகலும், யோஹான் பீட்டர் கெல்னர் எடுத்த நகலும், பிற்கால நகல்கள் சிலவும்தான் மிச்சம். ஒரே வில்லிழுப்பில் எத்தனை சுரங்களைச் சேர்த்து வாசிப்பது என்பதைக் காட்டும் வளைகோடுகளில் இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அன்னா மக்டலேனாவின் நகலிலேயே பல இடங்களில் கோடு எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று அறுதியிட முடியாது. எங்கே ஓங்கி வாசிப்பது, எங்கே தணிப்பது என்ற குறிப்பும் மிக அரிது. ஆனால் வில்லைக் கையில் எடுத்தவர் இரண்டு விதமாக ஒரே நேரத்தில் இழுக்க முடியாது. சான்று போதாது என்று தெரிந்தே அவர் ஒரு முடிவெடுக்கிறார். அந்த முடிவைப் பகுதிக்குப் பகுதி காப்பாற்றுவதுதான் அவர் வாசிப்பு.

அப்படியானால் எல்லாப் பதிவும் ஒன்றுதானா, எதை எடுத்தாலும் சரியா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஐந்தாம் தொகுப்பில் சாராபாந்த் என்ற நடனத்தின் பெயர் கொண்ட பகுதியைக் கேளுங்கள். கூட்டுச்சுரம் ஒன்றுகூட இல்லாமல் ஒற்றைச் சுரங்களாகவே நகரும் பகுதி அது. தாழ்ந்த சுரம் ஒன்று ஒலித்து ஓய்ந்த பிறகும், அதை அடித்தளமாகக் கொண்டு மேல்சுரங்கள் நடப்பதாக நம் காது உணர வேண்டும். அந்த உணர்வைத் தராத வாசிப்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தோற்றதுதான். அதேபோல், நடனத்தின் பெயரைத் தாங்கிய பகுதியில் கால் ஊன்றும் இடம் தெரியாவிட்டாலும் அது குறையே. ஆக, தள்ள வேண்டியவற்றைத் தள்ள அளவுகோல் உண்டு. தேறி நிற்கும் நல்ல பதிவுகளுக்குள் முதலிடம் யாருக்கு என்று சொல்லத்தான் அளவுகோல் இல்லை.

இன்னொரு மறுப்பும் வரும். குடல்நரம்புத் தந்தி, பழைய வடிவ வில், தாழ்ந்த சுருதி என்று பாக் காலத்துக் கருவிமுறைக்குத் திரும்பியவர்கள் உண்மைக்கு நெருக்கமானவர்கள் அல்லவா? கருவியளவில் ஆம். தந்தி மாறினால் ஒலியின் தொடக்கமும் மறைவும் மாறும்; பேச்சைப் போன்ற தெளிவு கிடைக்கும். ஆனால் வளைகோட்டுச் சிக்கலைக் கருவி தீர்த்து வைக்காது. அந்த வழியின் முன்னோடிகளில் ஒருவரான பில்ஸ்மாவே 1979இல் ஒருமுறையும் 1992இல் பெரும்பாலும் ஸ்ட்ராடிவாரி செய்த பெரிய செல்லோவில் மறுமுறையும் ஆறு தொகுப்புகளையும் பதிவு செய்தார். இரண்டும் வேறு வேறு வாசிப்புகள். யோ யோ மா மூன்று முறை பதிவு செய்திருக்கிறார். பதிமூன்று வயதில் பார்சிலோனா கடையொன்றில் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்த கஸால்ஸ், ஆறு தொகுப்புகளின் பதிவைத் தொடங்கியபோது அறுபதை நெருங்கியிருந்தார். இவர்கள் யாரும் ஒப்பிட்டு ஒப்பிட்டு இந்த இசையை அறியவில்லை. ஒரு முடிவோடு நெடுங்காலம் பழகி அறிந்தார்கள். முதலில் கேட்ட பதிவு காதைப் பழக்கிக் கெடுத்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒன்றில் ஊறிய காதுக்குத்தான் மற்றொன்றின் வேறுபாடு உறைக்கும். எதிலும் ஊறாத காதுக்கு எல்லாம் ஒரே செல்லோதான்.

தொழில், ஊர், துணை என்று வாழ்க்கையில் நாம் தேர்வன பலவும் இப்படிப்பட்டவையே. ஒப்பிட்டுச் சரிபார்க்க மூலப்பிரதி எதற்கும் இல்லை. தவறானவற்றை விலக்கும் அளவுக்கு விசாரித்தால் போதும். அதற்கு மேல் விசாரிப்பது தள்ளிப்போடுவதுதான். பாக்கைப் பொறுத்தவரை, ஃபூர்னியே 1960இல் செய்த பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தொகுப்புகளும் மனத்தில் தங்கும்வரை வேறெதையும் தேடாதீர்கள். அதன் பிறகு பில்ஸ்மாவின் 1979 பதிவைக் கேளுங்கள். எது சிறந்தது என்ற கேள்விக்கு அப்போது உங்களிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கும்.