இருமலும் ஊழும்

மூன்று வாரம் தாண்டியும் நிற்காத இருமல், சளியில் ரத்தம், காரணமின்றி இளைக்கும் உடம்பு, கம்மிப்போன குரல். நுரையீரல் புற்றுநோய் இத்தனை அடையாளம் காட்டிய பின்பும் "தலையில் எழுதியிருந்தால் வந்துதானே தீரும், பார்த்து என்ன ஆகப்போகிறது" என்கிறோம். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. முடிவு முன்பே எழுதப்பட்டதென்றால் தேடிப் பார்ப்பதில் பொருள் உண்டா என்பது பழைய கேள்வி, கனமான கேள்வி.

அமெரிக்காவில் 2002இல் தொடங்கி 2011இல் முடிவு வெளிவந்த ஆய்வொன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. நெடுங்காலம் கடுமையாகப் புகைபிடித்த, 55 முதல் 74 வயதுவரையான 53,454 பேரைக் குலுக்கல்போல இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். மற்றதற்கு மார்பு எக்ஸ்ரே. புண்ணியம் செய்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஸ்கேன் குழுவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. நுரையீரலுக்குள் வலி உணர்த்தும் நரம்புகள் மிகக் குறைவு. கட்டி வளர்ந்து வெளியுறையைத் தொடும்வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. முந்திப் பார்த்ததால்தான் அந்த உயிர்கள் தப்பின.

"ஸ்கேனுக்கு அழைத்துப் போனதும் விதிதானே" என்று கேட்கலாம். இருக்கட்டும். அப்போது முயற்சியும் விதிக்குள் அடங்கிவிடுகிறது. போகாமலிருக்க விதியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அறத்துப்பாலை ஊழில் முடித்த வள்ளுவரே பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் மருந்துக்கும் அதிகாரம் வகுத்தார். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அந்த ஆய்வில் ஸ்கேன் சந்தேகப்பட்டவற்றில் 100க்கு 96 புற்றுநோயே அல்ல. வீண் அச்சமும் வீண் பரிசோதனையும் உண்மையான தீங்குகள். ஆகவே அறிகுறியே இல்லாத எல்லாரும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது கடுமையாகப் புகைத்தவர்களுக்கானது. ரத்தம் துப்பியவர் நிலை வேறு. நம் நாட்டில் அவருக்குக் காசநோய் என்று கருதி மருந்து கொடுத்தே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் இருமல் அடங்கவில்லை என்றால் மேலும் தேடியே ஆக வேண்டும்.

புகையிலையைத் தொடாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால் முன்வினை என்கிறார்கள். அவள் ஊதிய விறகடுப்பையும், பக்கத்தில் கணவன் விட்ட பீடிப் புகையையும் விட்டுவிட்டு முற்பிறப்பை விசாரிப்பது அநீதி. அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் அவள் இருமலை மறைக்கிறாள்.