கட்டில் தானம்

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில், வந்திருப்பதை எந்த வீட்டாரும் ஒப்புக்கொள்ளாத விருந்தாளி ஒன்று உண்டு. அது மூட்டைப் பூச்சி. பெருங்களத்தூரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று, "கொசுத் தொல்லை உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். திறந்து கிடக்கும் கால்வாய், தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர், புகை அடிக்க வராத ஆட்கள் என்று வரிசையாகச் சொல்லி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு எங்களைச் சேர்த்து என்ன கண்டோம் என்று முடிப்பார்கள். மூட்டைப் பூச்சியைப் பற்றிக் கேளுங்கள், முகம் மாறிவிடும். "எங்கள் வீட்டிலா?" என்பார்கள். கொசு கடித்தால் பழி சர்க்காருக்கு. மூட்டைப் பூச்சி கடித்தால் பழி குடும்பத்துக்கு.

இந்த வெட்கம் சிறிய விஷயந்தான். ஆனால் இதனால் மனிதர்கள் செய்யும் காரியங்கள் சிறியவை அல்ல.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. இரண்டாவது மாடியில் கணவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் காலை குழந்தையின் முன்கையில் மூன்று நான்கு தடிப்புகள், வரிசை பிடித்தாற்போல. அரிப்பு தாங்கவில்லை. முதலில் கத்தரிக்காயை நிறுத்தினார்கள். பிறகு கருவாட்டை. பிறகு சோப்பை மாற்றினார்கள். தாயாருக்கும் தகப்பனாருக்கும் ஒன்றுமில்லை; ஆகவே பூச்சியாக இருக்க முடியாது என்று தீர்மானம் செய்தார்கள்.

அங்கேதான் பூச்சி ஜெயிக்கிறது. கடிக்கும்போது வலியே தெரியாது. ஐந்து, பத்து நிமிஷம் சாவகாசமாகக் குடித்துவிட்டுப் போய்விடும். தடிப்பு சிலருக்கு மறுநாளே தெரியும். சிலருக்குப் பல நாள், இரண்டு வாரங்கூடக் கழித்துத் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே படுக்கையில் மூவர் படுத்து ஒருவர் மட்டும் சொறிந்துகொண்டால், மற்ற இருவரும் தப்பினார்கள் என்று அர்த்தம் இல்லை. தடிப்பை மட்டும் பார்த்து வைத்தியராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. படுக்கையைத்தான் பார்க்க வேண்டும்: மெத்தையின் தையல் மடிப்பு, கட்டில் சட்டம் பொருந்தும் இடுக்கு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம். பேனா மையைத் தெளித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட மெல்லிய தோல், விரிப்பில் துளி ரத்தம். இவை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத் துணியை வைத்து, காலமைன் தடவினால் பெரும்பாலும் போதும். சொறிந்து புண்ணாக்காமல் இருப்பதுதான் முக்கியம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ டாக்டரிடம் போக வேண்டும். கொசுவைப் போல இது நோயைப் பரப்புவதாக நிரூபணம் இல்லை. பார்க்கப்போனால் கொசுவைவிடச் சாது. ஆனாலும் கொசுவுக்கு இல்லாத அவமானம் இதற்கு.

அழுக்கு வீட்டில்தான் இது இருக்கும் என்ற எண்ணந்தான் காரணம். இதற்கு வேண்டியது அழுக்கு அல்ல, ரத்தம். அது சுத்தமான வீட்டிலும் இருக்கிறது. பெட்டி படுக்கையோடு பிரயாணம் செய்வதுதான் இதன் தொழில். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கும் வரையில், தென்மாவட்டங்களுக்குப் போகிற புறநகர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு பெருங்களத்தூர் சாலையோரத்தில்தான் நின்றார்கள். அத்தனை பெட்டிகளில் எதில் எது ஏறிற்று என்று யார் கண்டது? 1939-ல் டி.டி.டி.யின் கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்த பால் மியுல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷமே ஹவாயில் மூட்டைப் பூச்சி அந்த மருந்துக்குச் சாகாமல் நின்றுவிட்டது! 2023-ல் பாரிஸ் நகரமே இதைக் கண்டு அலறிற்று. பாரிஸுக்கு வந்தால் செய்தி, பெருங்களத்தூருக்கு வந்தால் கேவலம்.

கதைக்கு வருகிறேன். அந்த வீட்டில் கடைசியில் ஓர் இரவு விளக்கைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பழைய தேக்குக் கட்டில், இடுக்கெல்லாம் பூச்சி. மறுவாரம் புது இரும்புக் கட்டில் வந்தது. பழையதை என்ன செய்வது? மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வாட்ச்மேன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறார். "பாவம், தரையில் படுக்கிறார்கள்" என்று அவருக்குக் கொடுத்தார்கள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பூச்சி விஷயத்தை யாரும் வாய் திறக்கவில்லை.

1689-ல் சூரத்துக்குக் கப்பலேறிய ஓவிங்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு விசித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே மாடு, குதிரை, நாய்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி. அதன் பக்கத்திலேயே மூட்டைப் பூச்சிக்கும் தெள்ளுப் பூச்சிக்கும் ஓர் இடம். அவை பட்டினி கிடக்கக் கூடாதென்று, அவ்வப்போது ஓர் ஏழையைக் கூலிக்குப் பிடித்து, விடியும் வரை அந்தக் கட்டிலில் படுக்க வைப்பார்களாம். பாதியில் எழுந்து ஓடிவிடாதபடி கட்டியும் போடுவார்களாம். ஜீவகாருண்யம் ஒருவருக்கு, ரத்தம் இன்னொருவருக்கு. படித்தால் சிரிப்பு வருகிறது. வெள்ளைக்காரர் கொஞ்சம் மிகைப்படுத்தினாரோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் சூரத்து ஏழைக்குக் கூலி உண்டு. எதற்குப் படுக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும். நம் வாட்ச்மேனுக்கு இரண்டும் இல்லை.

என் நண்பர் ஒருவர் அந்தக் குடும்பத்துக்காக வாதாடினார். "சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் குழந்தையோடு மற்றக் குழந்தைகளை விளையாட விடமாட்டார்கள். வேலைக்காரி நின்றுவிடுவாள். மொட்டை மாடி அறையில் இருக்கும் வடக்கத்திப் பையன்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று அவர்களைக் காலி செய்யச் சொல்வார்கள். உண்மை பேசி யாருக்கு லாபம்?"

இதில் நியாயம் இருக்கிறது. முகம் சுளிக்கக் காத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும் மறைத்த பாவத்தில் பங்கு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒன்று: இந்தப் பூச்சி விஷயத்தில் உண்மை பேசுவது மருந்தின் ஒரு பகுதி. ஒரு வீட்டில் மட்டும் மருந்து அடித்தால், சுவர் வெடிப்பு வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வரும். சாப்பாடு இல்லாமல் மாதக் கணக்கில் காத்திருக்கும் ஜந்து அது. வாட்ச்மேன் விஷயத்திலோ நண்பரின் வாதம் நிற்கவே நிற்காது. அவர் இவர்களைக் கேவலமாகப் பேசி யார் கேட்கப் போகிறார்கள்? அவரிடம் மறைத்தது அவமானத்துக்குப் பயந்து அல்ல. அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

கட்டிலைக் கழிக்கவும் வேண்டியிருந்திருக்காது. உஷ்ணந்தான் இதற்கு எமன். ஐம்பது டிகிரிக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்கா. கட்டிலைக் கழற்றி இடுக்குகளில் கொதிக்கும் நீரை ஊற்றி, துணிகளை வெந்நீரில் துவைத்து, வாரம் தவறாமல் சில வாரம் திரும்பச் செய்ய வேண்டும்; ஒரு தடவையில் விடாது. வெறும் வெயில் போதாது. மெத்தையின் உள்ளே சூடு ஏறுவதற்குள் பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். வயல் மருந்தைப் படுக்கை அறையில் அடிப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர்ப் பக்கம், எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க முடியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த வீட்டு அம்மாளே என் மனைவியிடம் சொன்னாள். இரண்டு மாதம் மனம் உறுத்தி, ஒரு நாள் கீழே இறங்கிப்போய் வாட்ச்மேன் மனைவியிடம், "அந்தக் கட்டிலில் பூச்சி இருந்தது, தெரிந்தேதான் கொடுத்தோம்" என்று சொல்லிவிட்டாளாம்.

"கொண்டாந்த ரெண்டாம் நாளே தெரியும்மா" என்றாளாம் அவள். "ஆசையா குடுத்தீங்க, சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு சொல்லல. வெந்நீர் ஊத்தி ஊத்தி இப்பத்தான் கொறஞ்சிருக்கு. மேல உங்க வீட்ல எப்படி?"

மேலே குறைந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களுமாக அந்த இரும்புக் கட்டிலைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கீழே போய்த் தம் வீட்டு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.