அஞ்சி அடங்குவதும் நம்பி அடங்குவதும்

தாம் வளர்த்த பூடில் நாய்கள் மயிர் கத்தரித்து அலங்கரித்து நிறுத்தும் பதுமைகள் அல்ல, கூரிய புத்தியும் உடையவை என்று மெய்ப்பிக்க விரும்பிய ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார், 1933-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் நடத்திய போட்டியிலிருந்தே அமெரிக்க நாட்டில் நாய்களின் கீழ்ப்படிதற் போட்டிகள் தோன்றின; 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றுக்கு விதிகளை வகுத்தது. அப்போட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய ஒரு சோதனை என் சிந்தையை விட்டு அகலாதது. நாய்களை வரிசையாக அமர்த்தி, 'இரு' என்று பணித்துவிட்டு, எஜமானர்கள் எல்லோரும் அவற்றின் கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று நிமிஷம் உட்கார்ந்தபடியும், பிறகு ஐந்து நிமிஷம் படுத்தபடியும் ஒவ்வொரு நாயும் அவ்விடத்தை விட்டு நகராதிருக்க வேண்டும்.

புலனுக்கு எட்டாத ஆண்டவனுடைய ஆக்ஞைக்கு அடங்கி நிற்கும் ஜீவனைப் பற்றிச் சமயங்கள் எழுப்பும் வினாவே இங்கும் எழுகிறது: அது நிற்பது தண்டனைக்கு அஞ்சியா, வருவான் என்ற நம்பிக்கையாலா?

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதுவே இதிலுள்ள அபாயம். 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில், என்ன செய்தும் தப்ப இயலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களுட் பல, பின்னர் ஒரு தடுப்பைத் தாண்டினாலே விடுதலை உண்டு என்ற நிலையிலும், தாண்ட முயலாமல் அப்படியே கிடந்தன. அக்கொடுமையைச் செய்யாமலே அவ்வுண்மையை அறிந்திருக்கலாகாதா என்று மனம் பதைக்கிறது. ஆயினும் அறிந்தபின், அசையாமல் கிடக்கும் நாயைக் கண்டவுடனே நன்கு பழகிய நாய் என்று மெச்சிவிட நமக்கு உரிமை இல்லை.

நாய்களைப் பழக்கும் வகுப்புக்கு வரும் முரட்டு நாயின் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகும். பிற நாய் கண்ணிற்பட்ட மாத்திரத்தில் பல்லைக் காட்டிப் பாயும் பிராணியைத் துஷ்டப் பிராணி என்று ஒதுக்குவது எளிது; அதன் உடலைக் கூர்ந்து நோக்கியவர்களோ, பின்னுக்கு மடிந்த காதிலும், கால்களுக்கிடையே ஒடுங்கிய வாலிலும், ஓரத்து வெண்மை தெரிய உருளும் கண்ணிலும் பெரும்பாலும் பயத்தையே காண்பார்கள். கிட்டே வராதே என்று சொல்ல அதற்குள்ள வாக்கு உறுமல். கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று சுண்டி அவ்வுறுமலை நிறுத்திவிடலாம். உள்ளிருக்கும் பயம் நிற்பதில்லை. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயையே அப்பயிற்சி உண்டாக்கக்கூடும். ஆகையால் விவேகமுள்ள ஆசிரியர் அதனை மற்ற நாய்களுக்குத் தொலைவில், ஒரு தட்டியின் மறைவில் நிறுத்தி, வேறு நாய் தென்படும்போதெல்லாம் அதற்குப் பிரியமான இறைச்சித் துண்டை அளிக்கச் செய்து, அதன் உடல் இறுக்கம் தளரத் தளரத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். சில நாய்களுக்குக் கூட்டமே ஆகாது. அவற்றைத் தனியே பழக்குவதுதான் தர்மம்.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், குற்றமேதும் செய்யாத தன் குட்டியை ஏன் அடித்தீர்கள் என்று, சரமை என்னும் தேவலோகத்து நாய், ஜனமேஜயன் என்னும் அரசன் தன் சகோதரர்களுடன் இருந்த வேள்விக்களத்துக்கே வந்து கேட்கிறது. மறுமொழி கிடைக்காமற்போகவே, எதிர்பாராத அச்சம் உன்னை வந்தடையும் என்று அவ்வரசனைச் சபிக்கிறது. அச்சமே சாபமாகத் திரும்பிவந்தது என்பது ஆழ்ந்த பொருளுடையது. வகுப்பிலே நாயிடம் மிகுந்த கடுமை காட்டும் எஜமானனும், பிறர் முன்னிலையில் மானம் போகுமே என்றோ, நாய் எவரையேனும் கடித்துவிடுமே என்றோ அஞ்சுபவனாகவே பெரும்பாலும் இருக்கிறான். அவன் இறுகப் பிடித்த வாரின் வழியே அவ்வச்சம் நாய்க்கும் ஏறுகிறது.

அச்சம் நீங்கப் பழகிய நாய், எஜமானன் மறைந்த பின்னும் தன்னிடத்திலேயே அமைதியாய் அமர்ந்திருக்குமாயின், அதனைப் பக்தி என்று கூற நான் தயங்கமாட்டேன். இறைச்சித் துண்டுக்காகப் பழகியதுதானே என்று ஆக்ஷேபிப்பவர் உண்டு. நம்மில் பலரும் இளம்பருவத்தில் கோயிலுக்குப் போகக் கற்றது பிரசாதத்தை உத்தேசித்துத்தான்; அதனால் பிற்காலத்து நம் வழிபாடு பொய்யாகிவிட்டதென்று எவரும் சொன்னதில்லை.