கைக்குக் கற்பிப்பவர் யார்?

கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்த வெளி என்னும் பகுதியில் 'தோபி கானா' என்ற சலவைக்கூடம் உள்ளது. அங்கு உழைப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் இங்கு வந்ததாக அவர்கள் கூறுவர். இன்றும் கல்லில் துவைத்து, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகி உலர்த்துகின்றனர். கனத்த இஸ்திரிப் பெட்டி முதியவரின் கையில் பிசகாமல் செல்கிறது. அந்தக் கை அறிந்ததை வாயால் விளக்க இயலாது.

அக்கை எவ்வாறு கற்றது? ஒரு நரம்புச் செல் மற்றொன்றை மீண்டும் மீண்டும் தூண்டி இயக்கினால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்ற கருத்தை, கனடா நாட்டு அறிஞர் டொனால்ட் ஹெப் 1949-இல் முன்வைத்தார். சிறுமூளையில் பிழையை அறிவிக்கும் நரம்பிழைகள் உண்டு; அவற்றோடு சேர்ந்து இயங்கும் இணைப்புகள் வலுவிழப்பதை ஜப்பானிய அறிஞர் மசாவோ இதோவின் குழுவினர் 1982-இல் சோதனையில் காட்டினர். இதில் வியப்பு யாதெனில், எந்தச் செல்லும் முழு வேலையையும் அறியாது. சட்டை எது, மடிப்பு எது என்பது அதற்குத் தெரியாது. தன்னிடம் வந்து சேரும் செய்தியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது.

ஆகவே நன்மை தீமை என்ற பேதமும் அதற்கு இல்லை. பூட்டை உடைப்பவனின் கையும் இதே விதிப்படிதான் தேர்ச்சி பெறுகிறது. பிழை என்பது நாம் நாடியதிலிருந்து விலகுவதே. நாட்டமே தீயதாயின், தீமையையே மூளை செம்மைப்படுத்தும்.

"அறியாமல் செய்தேன், மறந்தும் விட்டேன்" என்பதாலும் தப்ப இயலாது. 1953-இல் நடந்த அறுவைச் சிகிச்சையால் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஆற்றலை இழந்தவர் ஹென்றி மொலைசன். கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்கு அளித்தார். முந்தைய நாள் பயின்றது அவருக்கு நினைவில்லை. ஆயினும் நாளுக்கு நாள் கை தேறியது. உள்ளம் மறந்ததை உடல் மறக்கவில்லை.

கடுஞ்சொல் உரைக்கும் நாவும், சுளிக்கும் முகமும் பழகிய அசைவுகளே. "இது என் சுபாவம், நான் என்ன செய்வேன்?" என்கிறோம். நேற்றுவரை நாமே பயின்றதைத்தான் சுபாவம் என்கிறோம். பயில்வது மூளையின் இயல்பு. எதைப் பயில்வது என்று தேர்வதே விவேகம். பழகிய தடத்தை ஒரே நாளில் அழிக்க முடியாது. ஆனால் கடுஞ்சொல் எழும் கணத்தில் நாவை ஒருமுறை அடக்கினால், அதுவும் ஒரு பயிற்சியே. இஸ்திரி போடும் அந்த முதியவரும் ஒரு காலத்தில் துணியைக் கருக்கியிருப்பார். மறுநாளும் பெட்டியைக் கையில் எடுத்தார், அவ்வளவே.