சொந்தமில்லாதவரின் துக்கம்

அமாவாசைக்கு முந்தின இரவே திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றிக் கூட்டம் வந்து படுத்துவிடும். விடிந்ததும் ஹிருத்தாபநாசினிக் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்து, அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். இறந்தவரை நினைக்க அங்கே ஒரு நாள் உண்டு, இடம் உண்டு, கைக்கு ஒரு வேலையும் உண்டு.

பனானா யோஷிமோட்டோவின் 'மூன்லைட் ஷேடோ' குறுநாவலில் வரும் சட்சுகிக்கு இவை எதுவுமே இல்லை. 1988இல் 'கிச்சன்' தொகுப்பில் வெளிவந்த கதை அது. அவள் காதலன் ஹிட்டோஷி கார் விபத்தில் இறந்துவிடுகிறான். தூக்கம் வராமல் தினமும் விடியற்காலையில் ஆற்றுப் பாலம் வரை ஓடுகிறாள். அதே விபத்தில் தன் காதலியை இழந்த ஹிட்டோஷியின் தம்பி, செத்தவளின் பள்ளிச் சீருடையை உடுத்திக்கொண்டு திரிகிறான். பைத்தியம் என்று ஊர் சொல்லக்கூடும். அவனுக்குத் தெரிந்த திதி அதுதான்.

ஜப்பானிலும் நம் மகாளயத்தைப் போல ஓபோன் உண்டு. முன்னோரின் ஆவி வீடு திரும்பும் நாட்கள். ஆனால் அதுவும் குடும்பத்துக்கானது. காதலியை எந்த வீட்டுச் சடங்கு கூப்பிடும்? ஆகவே நாவல் அவளுக்கென்று ஒரு விடியலை ஒதுக்குகிறது. அக்கரையில் ஹிட்டோஷி தெரிகிறான், கையசைக்கிறான், மறைகிறான். அவ்வளவுதான். யோஷிமோட்டோ ஆவியைக் கொண்டுவந்தது பயமுறுத்த அல்ல, விடைபெற வைக்க.

இந்தக் கதையைக் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து படிப்பவருக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் வார்ப்பட ஆலைகளிலும் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஏராளம். ஓர் அறையில் பலர்; ஒரே அடுப்பில் சமையல். அவர்களில் ஒருவன் இறந்தால் உடல் ஊருக்குப் போகும், காரியம் அங்கே நடக்கும். பக்கத்துப் பாயில் படுத்தவன்? அவன் அண்ணனுமல்ல, மகனுமல்ல. மறுநாள் ஷிப்டுக்கு நிற்க வேண்டும்.

நம் மரபு இறந்தவருக்கு நிறையச் செய்திருக்கிறது. இருப்பவரில் யாருக்கு அழ உரிமை என்பதில் மட்டும் கை சுருக்கிவிட்டது. தோழி, காதலன், ஒரே அறையில் தங்கிய சக தொழிலாளி எல்லோரும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறார்கள்.

நீங்கள் வேலை செய்யும் ஆலையில் அப்படி வெளியே நிற்கும் ஒருவர் இருந்தால், அவருடைய ஷிப்டை ஒருநாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போனவன் எப்படிப்பட்டவன் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை கூட இருங்கள்.