செய்ந்நன்றி அறிதலும் அதன் எல்லையும்

மனிதப் பிறவிக்கு அணிகலனாக விளங்கும் பண்புகளுள் நன்றியறிதல் தலையாயது எனப் பெரியோர் கூறுவர். ஆயினும் வீட்டு வாசலிற் படுத்திருக்கும் நாயும் ஒரு பிடி சோறு இட்ட கையை மறப்பதில்லை. எனவே நன்றி உடையவனாய் இருத்தல் மட்டுமே மனிதனுக்குரிய தனிச்சிறப்பு ஆகிவிடாது. யாருக்கு, எதற்காக, எவ்வாறு, எந்த எல்லை வரை நன்றி செலுத்துவது எனப் பகுத்தறிந்து நடத்தலே மனிதனுக்குரிய சிறப்பாகும்.

இக்காலத்தில் நன்றி என்றதும் வாயாற் சொல்லும் ஒரு சொல்லே பலருக்கும் நினைவில் வருகின்றது. பழந்தமிழில் நன்மை, உதவி என்பனவே அச்சொல்லின் முதற்பொருளாக இருந்தன. செய்ந்நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதனை அறிதலே செய்ந்நன்றியறிதல். “சொல்லுதல்” என்னாது “அறிதல்” என முன்னோர் பெயரிட்டமை கவனிக்கத்தக்கது. மனம் அறியாமல் வாய் சொல்லும் நன்றி வெறும் ஒலியாகவே முடியும். மனம் அறிந்துவிட்டால் அது ஏதேனும் ஒரு செயலாக வெளிப்படாமற் போகாது.

கிராமத்து வீடுகளில் தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ எவரும் “நன்றி” என்று சொல்வதில்லை. சொன்னால் அது அந்நியமாகவே ஒலிக்கும். ஆனால் அயல்வீட்டிலிருந்து மோதகம் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போவதில்லை. இரண்டு முருங்கைக்காயோ, ஒரு மாம்பழமோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ அதனுள் இருக்கும். இந்தச் சிறிய வழக்கத்துக்குள் நன்றியறிதலின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கின்றது எனலாம்.

சைவ மக்களின் ஆண்டு முழுவதும் நன்றிக்கடனாலேயே கோக்கப்பட்டுள்ளது. தைப்பொங்கல் சூரியனுக்கு, மறுநாட் பட்டிப்பொங்கல் உழைத்த மாட்டுக்கு, தைப்பூசத்திற் புதிர் எடுத்தல் விளைந்த நெல்லுக்கு. சித்திராப் பூரணை தாயை இழந்தவருக்கும் ஆடி அமாவாசை தந்தையை இழந்தவருக்கும் உரிய விரத நாள்கள். நவராத்திரியின் நிறைவில் ஏடும் எழுதுகோலும் மண்வெட்டியும் தையல் இயந்திரமும் பூவும் சந்தனமும் பெறுகின்றன. உயிரற்ற மண்வெட்டிக்கும் பொட்டு இடுகின்ற ஒரு சமூகம், அந்த மண்வெட்டியைப் பிடித்த கைக்கு என்ன செய்கின்றது என்பதே சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

காலையில் எழும் ஒருவர் முகம் கழுவித் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் எத்தனை பேருக்குக் கடன்படுகின்றார் என்று எண்ணிப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழைநீர் சுண்ணக்கற் பாறைகளின் இடுக்குகளிலே தங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் நீர்ப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் எழுதப்பட்டிருக்கும். பாறையை உடைத்து அக்கிணற்றைத் தோண்டியவர்களின் பெயர் அதில் இராது.

தேநீரின் கதையும் இத்தகையதே. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடக்கினார் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்குமெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்ததையும், நோயாலும் பசியாலும் பலர் வழியிலேயே மாண்டதையும் அந்த அளவுக்கு எவரும் நினைப்பதில்லை. அவர்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்குவதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஒரு கோப்பைத் தேநீருக்குள் இத்தனை கண்ணீரும் கலந்திருக்கின்றது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நன்றி கூறுவதால் நீதியின் கணக்குத் தீர்ந்துவிடாது. உரிய கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அன்பாகச் சிரிப்பது நன்றியாகாது. அவ்வாறே, “கூலி கொடுத்தாயிற்றே, இனி நன்றி எதற்கு?” என்று கேட்பதும் பொருந்தாது. கூலி உழைப்புக்கு உரியது. நன்றி உழைத்த மனிதனுக்கு உரியது. முன்னையதைக் கொடுத்த பின்பே பின்னையதைச் சொல்லும் தகுதி ஒருவருக்கு உண்டாகின்றது.

ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. கல் சுமந்து, மரம் தறித்து, தேர் செய்யத் துணைநின்ற கைகளுக்குரியோர் பலர் ஒரு காலத்தில் அந்தத் தேர் உலாவரும் வீதிக்கு அப்பாலே நிறுத்தப்பட்டனர். கோயில்கள் முதலிய பொது இடங்களிற் சாதியின் பேரால் எவரையும் தடுத்தல் குற்றம் என 1957ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் கதவுகள் உடனே திறந்துவிடவில்லை என்பதற்கு 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் நடந்தவை சான்று. இறைவனுக்கு நன்றி செலுத்த வந்தவர்கள், இறைவனின் இருப்பிடத்தை அமைத்தவர்களுக்குச் செலுத்தத் தவறிய நன்றி அது. இன்றும் திருவிழா மேடையிற் பொன்னாடை யாருக்கு விழுகின்றது, அதிகாலையில் வீதியைக் கூட்டிய பெண்ணின் பெயர் அங்கு ஒலிக்கின்றதா என்பதைக் கவனித்தால் அச்சமூகத்தின் நன்றியறிதலை அளந்துவிடலாம். நன்றியுரை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வருவதும், அப்போது சபையிற் பாதிப்பேர் எழுந்து செருப்புத் தேடுவதும் வழமையாகிவிட்டன.

பெற்ற நன்மையை எவ்வாறு திருப்பிச் செலுத்துவது என்பது அடுத்த வினா. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலைவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அங்குள்ளோர் தம் வீட்டு விறாந்தைகளையும் வளவுகளையும் கிணறுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் குடும்பங்களால் நிறைந்தன. ஐந்து ஆண்டுகள் கழிந்து 2000ஆம் ஆண்டில் யுத்தம் தென்மராட்சியைச் சூழ்ந்தபோது, அதே தென்மராட்சி மக்கள் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்து வந்தனர். அன்று வலிகாமத்து வீட்டுப் படலையிற் பையுடன் வந்து நின்றவர், அந்த வீட்டாருக்கு முன்னர் இடம் கொடுத்தவராகவே இருந்திருக்க வேண்டும் என்றில்லை. முன்பின் அறியாத ஒருவராகவும் இருந்திருக்கலாம். “இவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று கருதுபவர் நன்றியைக் கைமாற்றுக் கடனாக எண்ணுகின்றார். “இவரைப் போன்ற ஒருவரே அன்று எனக்குப் பாய் விரித்தார்” என்று கருதுபவரே நன்றியை அறிந்தவர்.

மனிதன் தேவகடன், ரிஷிகடன், பிதிர்கடன் என மூன்று கடன்களோடு பிறக்கின்றான் என வேதநெறி கூறும். இவற்றுள் ரிஷிகடன் தீர்க்கப்படும் முறை வியக்கத்தக்கது. அறிவைத் தந்த முனிவருக்குப் பொன்னோ பொருளோ கொடுத்து அக்கடனைத் தீர்க்க முடியாது. கற்பதனாலும், கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதனாலுமே அது தீரும். பெற்ற இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியாத நன்மைகளே வாழ்க்கையில் அதிகம். அவற்றை முன்னோக்கிக் கொடுப்பதே வழி.

இனி, நன்றிக்கு எல்லை உண்டா என்ற கடினமான வினாவுக்கு வரலாம். நன்றியின் பேரால் அநீதிக்குத் துணைபோகலாமா? இதிகாசங்கள் இந்த வினாவை இரண்டு பெரும் பாத்திரங்களின் மூலம் எழுப்புகின்றன. தேரோட்டி மகன் எனச் சபையில் இழிவுபடுத்தப்பட்ட கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டு மகுடம் சூட்டினான். தான் பாண்டவரின் மூத்தவன் என்பதை அறிந்த பின்னரும் கர்ணன் துரியோதனனைக் கைவிடவில்லை. இலங்கையிலே கும்பகர்ணன், சீதையை விட்டுவிடுமாறு தமையனுக்கு எடுத்துரைத்தான். தமையன் கேளாதபோது, தன்னை வளர்த்தவனுக்காகப் போர்க்களம் சென்று மாண்டான். அவன் தம்பி விபீடணனோ அறத்தின் பக்கம் சென்றான். கிராமத்துப் பட்டிமன்றங்களில் இவர்களுள் யார் உயர்ந்தவர் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வழக்கைத் தீர்க்க ஓர் அளவுகோலைக் கொள்ளலாம். நன்றிக்கடனை ஒருவர் தமக்கு உரியதைக் கொண்டே தீர்க்க வேண்டும். பிறருக்கு உரியதை எடுத்துத் தீர்க்கலாகாது. கர்ணன் தன் உயிரைத் துரியோதனனுக்குக் கொடுத்தமை அவனுடைய உரிமை. ஆனால் திரௌபதி சபைக்கு இழுத்துவரப்பட்டபோது அவளை இழித்துப் பேசியதும், அபிமன்யுவைச் சூழ்ந்து நின்றோருள் ஒருவனாக நின்றதும் அவ்வாறல்ல. திரௌபதியின் மானமும் அபிமன்யுவின் உயிரும் கர்ணன் கொடுப்பதற்கு உரிய பொருள்கள் அல்ல. கும்பகர்ணன் தமையனின் முகத்துக்கு நேரே உண்மையைக் கூறியதாலேயே அவனுடைய நன்றி மதிப்புப் பெறுகின்றது. நன்றி என்ற சொல்லுக்கு நன்மை என்பது பொருளாயின், உதவியவரின் தவறுக்குத் துணைபோதல் அவருக்கு நன்மை செய்வதாகாது.

இது இதிகாச காலத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஓர் இளைஞருக்கு ஒருவர் முயன்று அரசாங்க உத்தியோகம் கிடைக்க வழிசெய்கின்றார். சில ஆண்டுகளின் பின் அவரே கந்தோருக்கு வந்து, “இந்தக் கோவையைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிடும் தம்பி” என்கின்றார். அந்தக் கோவைக்கு முன்னால், காலையில் முதல் பஸ்ஸில் வந்து வாங்கிற் காத்திருக்கும் விதவையின் கோவை இருக்கின்றது. உத்தியோகத்தர் தம் சம்பளத்தில் அவருக்கு விருந்து வைக்கலாம்; அவர் வீட்டு நன்மை தீமைக்கு முதல் ஆளாய் நிற்கலாம்; நோயுற்றால் வைத்தியசாலையில் இரவு விழித்திருக்கலாம். இவை அனைத்தும் அவருக்கு உரியவை. வரிசையோ அந்த விதவைக்கு உரியது. அதை எடுத்து நன்றிக்கடன் தீர்த்தால் அது களவாகும். வேலை முடிந்த பின் “சந்தோசத்துக்கு” என்று நீட்டப்படும் கடித உறையும் நன்றியின் வேடம் பூண்ட இன்னொரு பொருளே. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும் அதனிடத்தைப் பெற்ற 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதை வேறு பெயராலேயே அழைக்கின்றன.

திருவள்ளுவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். திருக்குறளில் 11ஆவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அதனை அடுத்த 12ஆவது அதிகாரம் நடுவு நிலைமை. உதவியவரை நினைக்கும்போது நடுவுநிலை தவற இடமுண்டு, அங்கும் தவறலாகாது என்பதற்காகவே இவ்வதிகாரம் அதன்பின் வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் விளக்கம் தருகின்றார். நன்றியும் நீதியும் அடுத்தடுத்த வீடுகள். ஒன்றின் சுவரை இடித்து மற்றதைக் கட்ட முடியாது.

கொடுத்தவருக்கும் ஓர் அறம் உண்டு. செய்ததைச் சொல்லிக்காட்டும் கணத்தில் உதவி வியாபாரமாக மாறிவிடுகின்றது. இது பெற்றோருக்கும் பொருந்தும். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் வீடுகளில், முதியோர் மாதாந்தம் வரும் பணத்தைவிட வாரம் ஒருமுறை வரும் தொலைபேசிக் குரலையே எதிர்பார்த்திருக்கின்றனர். பிள்ளைகள் அதை அறிய வேண்டும். பணம் மருந்து வாங்கும், “சாப்பிட்டீங்களா அம்மா?” என்று கேட்காது. அவ்வாறே, வளர்த்த கணக்கைப் பற்றுச்சீட்டாக நீட்டாத பெற்றோரிடமே பிள்ளைகளின் நன்றி தானாக வந்து சேரும்.

இறைவனுக்கு மனிதரின் நன்றி வேண்டுமா என்ற ஐயமும் எழலாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், அதாவது உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும், இறைவன் உயிர்களுக்குக் கைம்மாறு கருதாது அளிக்கின்றான் எனச் சைவ சித்தாந்தம் கூறுகின்றது. ஒரு குறையும் இல்லாதவனுக்கு அர்ச்சனையால் ஆவது ஒன்றுமில்லை. அர்ச்சனை செய்பவரின் உள்ளத்திலேயே மாற்றம் நிகழ்கின்றது. “நான் உழைத்தேன், நான் சேர்த்தேன்” என்ற எண்ணம் அங்கே சற்றுத் தளர்கின்றது. அந்தத் தளர்ச்சி கோயில் வாசலைத் தாண்டியதும் மறைந்துவிடுமாயின் வழிபாடு நிறைவு பெறவில்லை என்றே பொருள்.

நன்றியறிதலைப் பழகுவதற்குப் பெரிய சாதனைகள் வேண்டியதில்லை. உண்ணும் முன் ஒரு கணம், இந்தச் சோற்றின் பின்னால் நின்ற கைகளை நினைத்தல். எழுத்தறிவித்த ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை சென்று பார்த்தல். கூலியை மாலைக்குள் கொடுத்தல். பேரப்பிள்ளைகளுக்கு வளவிலுள்ள மாமரத்தை நட்டவரின் பெயரைச் சொல்லிக் கொடுத்தல். திருப்பிக் கொடுக்க இயலாத நன்மையை இன்னொருவருக்குச் செய்தல். இவற்றுள் ஒன்றை இன்றே தொடங்குபவருக்கு நாளை மற்றொன்று எளிதாகும். இம்முயற்சிக்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அடியார் அனைவருக்கும் துணைநிற்பதாக.